கம்பி பிடித்து ஏறிய வெள்ளிக்கிழமை

பர் துபாயில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு கீழக்கரைக் குடும்பம் இருந்தது. குடும்பத் தலைவருக்கு மீனா பஜாரில் துணிக்கடை. அவர் மனைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் வழக்கப்படி அக்காவை அழைப்பதுபோல நான் அவரை லாத்தா என்றே அழைப்பேன். வெள்ளிக்கிழமைகளில் இரு குடும்பமும் சேர்ந்து எங்காவது போய்வருவோம்.

ஒரு குளிர்காலத்தில் என் கணவர் ஓமன் மலைக்குப் போகலாம் என்றார். அவர் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செங்குத்துப் பாறையில் மேல்வரைக்கும் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி, கால் வைக்க இரும்புப் படிகளும் அடித்திருப்பார்களாம். இடுப்பு வாரிலிருந்து தொங்கும் இரண்டு கொக்கிகளைக் கம்பியில் மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஏறலாமாம். நால்வருக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

அடிவாரத்தில் அண்ணாந்து பார்த்ததும் என் கணவர் முகம் மாறிவிட்டது.

"எனக்கு நேத்துலருந்தே முழங்கால் வலிக்குது" என்றார்.

அவரைத் தனியே விட மனமில்லை என்று துணிக்கடைக்காரரும் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். நானும் அதிலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் லாத்தா அதற்குள் முக்காட்டை இறுக்கிக் கட்டி, மேலே ஹெல்மெட்டை மாட்டியிருந்தார்.

"இம்புட்டு தூரம் வந்துட்டு சும்மா போறதா? வா புள்ள."

வழிகாட்டி ஒரு ஓமானி இளைஞர். ஒரு கொக்கியைக் கழற்றும்போது மற்றது கம்பியில் இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டு முன்னால் ஏறினார். அவருக்குப் பின்னால் நான், கடைசியில் லாத்தா.

ஆரம்பம் ஏணி ஏறுவதுபோலத்தான் இருந்தது. பாறை வெளியே பிதுங்கிய ஓரிடத்தில் கீழே பார்த்துத் தொலைத்தேன். கால்கள் தந்தியடிக்கத் தொடங்கின.

"லாத்தா, என்னால முடியல."

"முடியலன்னா நில்லு. யாரு வெரட்டுறா? கொக்கி இருக்குல்ல, உளுந்துற மாட்டே."

பிறகு எங்கள் கட்டடத்து லிஃப்ட் மறுபடி பழுதானதைப் பற்றிச் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார். நானும் வாட்ச்மேனைத் திட்டிப் பதில் சொன்னேன். பேச்சுக்கு நடுவே நடுக்கம் நின்றுபோயிருந்தது. கொக்கியை மாற்றி மாட்டி அடுத்த படியில் கால் வைத்தேன்.

மேலே ஒரு பிளவைக் கடக்கக் கம்பிப் பாலம் இருந்தது. காலுக்கு ஒரு கம்பி, இரு பக்கமும் கைக்கு ஒவ்வொன்று. நான் கடந்துவிட்டேன். லாத்தா அக்கரையில் நின்றுவிட்டார்.

"நான் இங்கயே இருந்துக்கிறேன்மா."

வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு பாதிப் பாலம்வரை திரும்பிப் போனேன்.

"என் மூஞ்சிய மட்டும் பாத்து வாங்க லாத்தா."

பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே ஒவ்வொரு அடியாக வந்தார். என் கையைத் தொட்டதும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான். பாலமே ஆடியது.

"மாஃபி டான்ஸ், மாஃபி டான்ஸ்" என்று, ஆட்டம் கூடாது என்பதாக அதட்டிய வழிகாட்டியும் சிரித்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் நல்ல காற்று. கீழே வறண்ட ஆறும் பேரீச்சை மரங்களும் தெரிந்தன. காருக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். நாங்கள் கையாட்ட, அவையும் கையாட்டின. நான் அவ்வளவு உயரத்தில் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை.

பின்பக்கப் பாதையில் நடந்து இறங்கினோம். என் கணவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"பயமா இல்லையா?"

"நல்லா பயமா இருந்துச்சு" என்றேன். முகத்தில் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

திரும்பும் வழியில் ஹத்தா தாண்டும்வரை லாத்தா பாலத்தைப் பற்றியே பேசினார். "மச்சான், நீங்க பாத்திருக்கணும்" என்று தன் கணவரிடம் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"அடுத்த வாட்டி நானும் ஏறுறேன், போதுமா?" என்றார் துணிக்கடைக்காரர்.

என் கணவர் ஒரு கையால் முழங்காலைத் தடவியபடி, சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.