அப்படி யாரும் இங்கே இல்லை

1. கேட்கக் கூடாததைக் கேட்கும் வேலை

பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, போனில் ‘நெகட்டிவ்’ என்று போடுவதா வேண்டாமா என்று நான் தயங்கியது ஒரே ஒரு முறைதான். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று அதை எழுதுகிறேன்.

வீட்டுக் கடன் தரும் ஒரு கம்பெனியின் திருத்தணி கிளையில் நான் ஃபீல்டு வெரிஃபிகேஷன் ஆளாக இருந்தேன். கடன் கேட்டவர், தான் சொன்ன முகவரியில்தான் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் போடுவது என் வேலை. முன்பெல்லாம் வீடு முடிவான பிறகுதான் எங்களை அனுப்புவார்கள். இப்போது எல்லோருக்கும் முதலிலேயே இன்-பிரின்சிபிள் சாங்ஷன் வேண்டும். அதாவது, வீட்டைப் பேசி முடிக்கும் முன்பே, ‘இவருக்கு இவ்வளவு வரை கடன் கொடுக்கத் தயார்’ என்று கம்பெனி தரும் கடிதம். அது கையில் இருந்தால் வீட்டு ஓனர் உட்கார வைத்துப் பேசுவார். இல்லாதவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார்.

அந்தக் கடிதம் அடிப்பதற்கு முன்னால் நான் போய் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கேட்க வேண்டும். இவர் இங்கே இருக்கிறாரா, எத்தனை நாளாக இருக்கிறார், கூட யார் யார், எப்போது போவார், எப்போது வருவார். எதற்குக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒருவர் கடன் கேட்டிருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது கம்பெனி விதி. நல்ல விதிதான். ஆனால் முன்பின் தெரியாத ஓர் ஆள், தோளில் பையோடு வந்து, காரணமும் சொல்லாமல் இத்தனையும் கேட்டால் எப்படி இருக்கும் என்று அதை எழுதிய புண்ணியவான் யோசித்ததாகத் தெரியவில்லை.

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்பேன். ஆர்.கே.பேட்டையில் டவுன் பஸ்ஸைக் கோட்டைவிட்டு வெயிலில் நிற்பேன். நாள் முழுக்க யாரோடாவது பேசிக்கொண்டே இருப்பேன், ஆனால் பேச்செல்லாம் வேறு யாரையோ பற்றி. என் மனைவி இருந்தவரை சாயங்காலம் வீட்டில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்க ஒரு குரல் இருந்தது. அவள் போன பிறகு, நான் கேட்கும் கேள்விகள் மட்டும்தான் என் காதில் விழுந்துகொண்டிருந்தன.

2. சுகுணாவின் அவசரம்

சுகுணா அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். கணவர் இறந்த பிறகு அவருடைய இடத்தில் கிடைத்த வேலை. குழந்தை இல்லை. திருத்தணியில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். வாழ்க்கையில் முதன்முதலாக வீடு வாங்கக் கிளம்பியிருந்தார்.

கிளையில் மேனேஜர் அவரை முதலில் கேட்டதே கோ-அப்ளிகண்ட், அதாவது கடனில் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடுபவர், யார் என்றுதான். அண்ணன், தம்பி, மாமனார் என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லிப் பார்த்தார். சுகுணா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார்.

“நான் ஒண்டிதான் சார். சம்பளம் எனக்குத்தான் வருது. வூடும் எனக்குத்தான்.”

மேனேஜர் அதற்கு மேல் கேட்கவில்லை. சம்பளச் சான்று சுத்தமாக இருந்தது, கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருந்தது. பாக்கி இருந்தது என் ரிப்போர்ட் மட்டும்.

அவர் பார்த்து வைத்திருந்தது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு. மொட்டை மாடியில் நின்றால் கோபுரம் தெரியும் என்று சொன்னபோது அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஆனால் ஓனர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம். ஆடி பிறந்துவிட்டால் அட்வான்ஸ் வாங்க மாட்டேன், ஆவணி வரை காத்திருக்கவும் மாட்டேன், ஆனி முடிவதற்குள் லெட்டரோடு வா, இல்லாவிட்டால் வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறது என்று. ஆனி முடியச் சில நாட்களே இருந்தன.

கிளம்பும்போது சுகுணா என்னைத் தனியாக நிறுத்தினார்.

“சார், எங்க தெருவுல என்னை யாருக்கும் தெரியாது. விடியறதுக்குள்ள ரயிலுக்குப் போயிடறேன், இருட்டினப்புறம் வரேன். மூணு வருஷத்துல ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. நீங்க போய்க் கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க.”

எல்லோரும் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று சமாதானம் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

“யாரும் பேசாம இருக்கறதுக்கு வாடகை வேற குடுக்கணுமா சார்? அதான் வூடு பாக்கறேன்” என்றார்.

3. இரண்டு ‘இல்லை’

மறுநாள் போனேன். போர்ஷன் பூட்டியிருந்தது. வெளிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எதிரில் ஓர் இஸ்திரி வண்டி. ருக்மணி என்ற அம்மாள் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். சுகுணா என்று ஒருவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டேன்.

“அப்படி யாரும் இங்க இல்லீங்களே.”

இந்தப் பூட்டிய வீட்டில் யார் என்று கேட்டதற்கு, அது காலியாகக் கிடக்கிறது என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வீடு தள்ளி ஒரு டூவீலர் ஷெட். மெக்கானிக் பாய் முதலில் மரியாதையாகத்தான் பேசினார். தனியாக இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி என்றதும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அந்த மாதிரி யாரும் இந்தத் தெருவில் கிடையாது என்று சொல்லிவிட்டு, நான் கிளம்பும்வரை எழுந்து நின்றார்.

இரண்டு பேர், இரண்டு ‘இல்லை’. விதிப்படி அதோடு முடிந்தது. ‘நெகட்டிவ்’ என்று போட்டால் ஃபைல் மூடிவிடும், ஆனிக்குள் மறுபடி திறக்க மேனேஜராலும் முடியாது. அந்தப் பெண் சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்று மனசு கனத்தது. இத்தனை பேர் நடமாடும் தெருவில் ஒருத்தி இருப்பதே தெரியாமல் இருக்க முடியுமா என்று கோபமும் வந்தது.

போனைக் கையில் எடுத்தேன். அப்போது தூறல் போட்டது. ஒரு வீட்டு சன்ஷேடுக்குக் கீழே ஒதுங்கினேன்.

ருக்மணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினார். தன் வண்டித் துணியை மூடுவதற்கல்ல. காலி என்று சொன்ன அந்த வீட்டுக் கொடியிலிருந்து துணிகளை உருவினார். அதில் ரயில்வே யூனிஃபார்ம் சட்டை ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் மடித்து ஜன்னல் கம்பிக்கு உள்ளே வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

ஆளில்லாத வீட்டில் யாருடைய துணி அம்மா என்று கேட்டேன். ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

“ஒண்டியா இருக்கற பொம்பள எப்ப வரா, எப்ப போறா, கூட யார் வராங்கன்னு கேட்டுகினு நிக்கற. நீ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எதுக்கு சொல்லணும்? உனக்கு முன்னாடியும் ரெண்டு பேர் வந்தானுங்க. அவனுங்களுக்கும் இதான் சொன்னேன். பாய்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.”

ஐ.டி. கார்டைக் காட்டினேன். அட்டை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்றார், அதுவும் நியாயம்தான். காரணத்தைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சுகுணாவுக்கே போன் போட்டு நிலைமையைச் சொன்னேன். மறுமுனையில் ரயில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, சொல்லிடுங்க சார், போனை அவங்ககிட்ட குடுங்க என்றார்.

ருக்மணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

“ஆங், நான்தாம்மா, எதிர்ல இஸ்திரி போடறவ. … ஆமா, துணி நான்தான் எடுத்து வெப்பேன். … நீ பேசல, நானும் பேசல. துக்கத்துல இருக்கற பொண்ணு, நாமளாப் போய் எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு இருந்துட்டேன்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மாறியது. “வூடு வாங்கறியா? நல்லது. வாங்கிக்கோ.” பிறகு குரல் தணிந்தது. “அப்போ நீ இங்கேந்து போயிடுவ.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் கேட்டதற்கெல்லாம் ஒன்று விடாமல் பதில் சொன்னார். பாயும் வந்து சொன்னார். ‘பாசிட்டிவ்’ என்று போட்டேன். ஆனி முடிவதற்குள் கடிதம் வந்தது, ஓனர் அட்வான்ஸ் வாங்கினார், ஆவணியில் ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஸ்டேஷனில் சுகுணாவைப் பார்த்தேன். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு சார். கோபுரம் தெரியுது. மழ வந்தாதான் துணி நனைஞ்சு போவுது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. என் மாடிக்கு வந்த ஆள்

இதில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘இல்லை’ என்று ஒருவர் சொன்னால் உடனே பட்டனைத் தொடாதீர்கள். சொன்னவர் முகத்தைப் பாருங்கள். தெரியாதவர்கள் யோசித்துச் சொல்வார்கள். ஒருத்தரை நெஞ்சில் வைத்துக் காப்பவர்கள்தான் யோசிக்காமல் இல்லை என்பார்கள். இதை எந்த டிரெயினிங்கிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். மகள் பெங்களூரில் இருக்கிறாள். நான் இங்கேயே ஒரு மாடி போர்ஷனில் இருக்கிறேன். போன வாரம் மத்தியானம் கீழே யாரோ தோளில் பையோடு வந்து, மாடியில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தான். எதையோ விற்க வந்தவனாக இருக்கும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று, வேலைப் பழக்கத்தில், காதைத் தீட்டிக்கொண்டேன். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

“ஆங், மாடியில ஒரு பெரியவர் கீறாரு. ஒண்டிதான். யாரும் வரமாட்டாங்க. எப்பவும் வூட்லதான் இருப்பாரு, நீங்க போங்க.”

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தால் ‘பாசிட்டிவ்’ என்றுதான் போட்டிருப்பேன்.