ஏப்பத்தை நம்பாதீர்கள்

தலைமன்னாரில் கரைவலை இழுத்துவிட்டு வந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். வாயு என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். பெரிய ஏப்பம் வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அப்பாவுக்கு வியர்வை நிற்கவில்லை. இடது கையும் வலிக்கிறது என்றார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

சித்தப்பா வாசலை மறித்தார். “அதுதான் ஏப்பம் வந்திட்டுதே. எங்கட குடும்பத்தில நீ ஒருத்தன் படிச்ச உடன டொக்டரோ?”

“இல்லை சித்தப்பா. அதாலதான் டொக்டரிட்டக் கொண்டுபோறன். தள்ளுங்கோ.”

அது மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தாமதித்திருந்தால் அப்பா இல்லை.

வயிற்றுப் பொருமலுக்கு இன்றும் ஓமத்தண்ணீர்தான் குடிக்கிறோம். நெஞ்சு வலித்தால் மட்டும் ஏப்பத்துக்காகக் காத்திருப்பதில்லை. சித்தப்பா இன்னும் என்னைத் திமிர் பிடித்தவன் என்கிறார். சொல்லட்டும். அவருக்கு நெஞ்சு வலித்தாலும் கேட்காமல்தான் ஆட்டோவில் ஏற்றுவேன்.