கால் கட்டைவிரலில் ஒரு கயிறு

எங்கள் மகளுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தபோது என் வலது கால் கட்டைவிரலைச் சுற்றி ஒரு கறுப்புத் தழும்பு விழுந்திருந்தது. ஷூ கடித்ததா என்று கேட்டவர்கள் உண்டு. நான் ஷூ போடுகிற ஆளா? டிரெய்லரில் ஏறினால் செருப்பைக்கூடக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவன். அது தூளிக் கயிறு அறுத்த தழும்பு.

திருவொற்றியூரில் எங்கள் வீடு ஒரே அறை. மின்விசிறிக்குப் பக்கத்தில் உத்தரத்தில் ஒரு கொக்கி உண்டு. அதில் என் மனைவியின் பழைய நூல்புடவையைத் தூளியாகக் கட்டியிருந்தோம். தூளியின் அடியில் ஒரு நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை என் கட்டைவிரலில். பாயில் மல்லாந்து படுத்தபடி முழங்காலை மடக்கினால் தூளி என் பக்கம் வரும், நீட்டினால் அந்தப் பக்கம் போகும். எங்கள் தெருவில் பாதி அப்பன்கள் இப்படித்தான் பிள்ளை வளர்த்தார்கள். பகலெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவளுக்கு இரவிலாவது படுக்கக் கிடைக்கட்டும் என்று ராத்திரி வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பெரிய தியாகி என்ற நினைப்பு வேறு.

கொஞ்ச நாளில் தூக்கத்திலேயே ஆட்டப் பழகிவிட்டேன். கண் மூடியிருக்கும், குறட்டைகூட வரும், கால் பாட்டுக்கு மடங்கி நீளும். ஆனால் தூக்கம் கொஞ்சம் ஆழமானால் கால் நின்றுபோகும். கால் நின்றால் தூளி நிற்கும். தூளி நின்றால் மகள் எழுந்து ஊரைக் கூட்டுவாள். பிறகு மறுபடி முதலிலிருந்து. அவள் தூங்க வேண்டுமானால் நான் தூங்கக் கூடாது என்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம். விடிந்ததும் அவள் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள். நான் சிவந்த கண்ணோடு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

நான் ஓட்டுவது கன்டெய்னர் வண்டி. ஹார்பர் கேட்டுக்குப் போகிற வண்டிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும். முன்னால் இருக்கிற வண்டி ஒரு முழம் நகர்ந்தால் நாமும் ஒரு முழம் நகர வேண்டும். கொஞ்சம் இடம் விட்டால் போதும், எங்கிருந்தோ ஒருவன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல், பிரேக் கட்டையில் வலது காலை அழுத்தியபடியே உட்கார்ந்திருப்போம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் மீன்காரப் பெண்கள் தலையில் அன்னக்கூடை என்கிற அலுமினியக் கூடையோடு வண்டிகளுக்கு நடுவே புகுந்து சாலையைத் தாண்டுவார்கள்.

அன்று நல்ல வெயில். கண் எப்போது மூடியது என்று எனக்குத் தெரியாது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தான். அது என் தூக்கத்துக்குள் மகளின் அழுகையாக வந்து விழுந்தது. நான் செய்ததைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. கயிற்றை இழுப்பதற்காக முழங்காலை மடக்கினேன். பிரேக்கிலிருந்து கால் எழும்பிவிட்டது.

சாலை அந்த இடத்தில் லேசான இறக்கம், வண்டி முன்னால் உருண்டது. தகரத்தில் தொம் தொம்மென்று யாரோ அறைந்த சத்தத்தில் விழித்து, உடம்பு மொத்தத்தையும் பிரேக்கில் இறக்கினேன். கண்ணாடிக்குக் கீழே ஒரு தலை மட்டும் தெரிந்தது. என் வண்டியின் மூஞ்சிக்கும் முன் வண்டியின் பின்கதவுக்கும் நடுவே ஒரு மீன்காரம்மா ஒருக்களித்து நின்றுகொண்டிருந்தார். அன்னக்கூடை கீழே கவிழ்ந்து சங்கரா மீன்கள் தார்ச் சாலையில் கிடந்தன.

“இன்னாபா, கண்ண மூடிகினா வண்டி ஓட்ற? என் மேல ஏத்திட்டு அப்பால முழிச்சிக்கலாம்னு கீறியா?”

இறங்கி மீனைப் பொறுக்கினேன். பொறுக்கிய மீன் மறுபடி நழுவி விழுந்தது. அந்தம்மா இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

“வூட்ல கைக்கொயந்த கீதா?”

தலையாட்டினேன்.

“கண்ணப் பாத்தாலே தெரிது. தோ பாரு நைனா, நான் டெய்லி இந்த வழியாத்தான் போவேன். இனிமே உன் வண்டியத் தட்டுவேன். நீ கையக் காட்னாதான் தாண்டுவேன். எனக்கும் வூட்ல புள்ளைங்க கீது.”

சொன்னபடியே செய்தார். என் வண்டி அங்கே நிற்கிற நாளெல்லாம் தகரத்தில் இரண்டு தட்டு விழும். நான் கையை உயர்த்திக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் கூடை நகரும்.  வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மீன் வாடை ஏன் என்று மனைவி கேட்டதற்கு, வரிசையில் நின்றால் மீன் வாடை வராமல் மல்லிகை வாடையா வரும் என்று எரிந்து விழுந்தேன்.

அவளும் சும்மா இல்லை. குழந்தைக்கு ஏதோ கோளாறு என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சளி மருந்து பாட்டிலைக் கொடுத்து, ஒரு மூடி ஊற்றினால் காலை வரை அசையாது என்று சொல்லியிருந்தார். அதையும் கையோடு கொண்டுபோயிருந்தோம். டாக்டரம்மா பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, தூங்க வைக்க இதைக் கொடுத்தால் மூச்சே நின்றுபோகலாம் என்று சொல்லித் தன் மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் போட்டார். காது, தொண்டை, எடை எல்லாம் பார்த்தார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள், தானாகத் தூங்கப் பழகவில்லை, அவ்வளவுதான் என்றார். வெளியே வந்ததும் மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தானாகத் தூங்கப் பழகுவதற்குப் பிள்ளை என்ன பள்ளிக்கூடமா போகிறது என்றாள். எனக்கும் அப்போது அந்தப் பேச்சு விளங்கவில்லை.

விளங்கியது வரிசையில்தான். ஒரு நாள், எங்கோ முன்னால் ஒரு வண்டி பழுதாகி வரிசை மொத்தமும் செத்துக் கிடந்தது. இந்த முறை புத்தியாக ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். ஏசி ஓட வேண்டுமே என்று எஞ்சினை அணைக்காமல் சீட்டில் சாய்ந்தேன். சுற்றிலும் ஹாரன், சண்டை, டீக்காரரின் கூவல். எதுவும் என்னை எழுப்பவில்லை. திடீரென்று விழித்துக்கொண்டேன், நெஞ்சு படபடக்க. என்ன சத்தம் என்று பார்த்தால் புதிதாக ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின் தானாக நின்றுபோயிருந்தது.

டிரைவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. எஞ்சின் உறுமலில் படுத்தவனுக்கு எஞ்சின் நின்றால் விழிப்பு வந்துவிடும். படுக்கும்போது இருந்தது இப்போது இல்லை, ஏதோ ஆகிவிட்டது என்று உடம்பு எழுப்பிவிடும். சாவியைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது. என் மகளுக்கும் இதுதானே? ஆடுகிற தூளியில் கண்ணை மூடியவள் நிற்கிற தூளியில் கண்ணைத் திறக்கிறாள். பயப்படாமல் என்ன செய்வாள்? அவளுடைய எஞ்சினை நான் கால் விரலில் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அன்று பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறித் தூளியை அவிழ்த்தேன். மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“யோவ், இன்னாத்துக்கு அத்த அவுக்கற?”

“இனிமே தூளி வாணாம். பாய்ல போட்டு அதுவா தூங்கப் பழக்கலாம்.”

“தூளி இல்லாம இந்தத் தெருவுல எந்தக் கொயந்தயா தூங்கிச்சி? ஆட்றதுக்கு உனக்குக் கை காலு வலிக்குதுன்னு சொல்லேன். நான் ஆட்டிக்கறேன்.”

சுருக்கென்றது.  மகளை வெந்நீரில் குளிப்பாட்டினோம். விளக்கு எரியும்போதே மனைவி வயிறு நிறையப் பால் கொடுத்தாள். மடியில் கண் சொருகுவதற்கு முன்னாலேயே தரையில் மெல்லிய பாய் விரித்து, தலையணை எதுவும் வைக்காமல் மல்லாக்கப் படுக்க வைத்தேன். மகள் உத்தரத்துக் கொக்கியைப் பார்த்தாள். தூளியைக் காணவில்லை. அழத் தொடங்கினாள்.

நெஞ்சில் கை வைத்துத் தட்டிக் கொடுத்தேன். தூக்கவில்லை. அழுகை வீறிடலாக மாறியது. முகம் சிவந்து, கால்கள் இரண்டும் காற்றை உதைத்தன. பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பக்கத்திலிருந்து சுவரை இடித்தார்.

“பச்சப் புள்ளைய இன்னா பண்றீங்க? மனுசன் தூங்க வாணாமா?”

மனைவியும் அழுதுகொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். நான் புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மேலிருந்து இழுத்தாள், நான் கீழிருந்து இழுத்தேன். நடுவில் பாயில் குழந்தை கதறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் எங்களை யாராவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்கள்.

“வுடுய்யா! கல்லு மனசுயா உனக்கு. கொயந்த செத்துடும்யா.”

“அதுக்கு ஒண்ணும் ஆவாது. நான்தான் யாரையாவது சாவடிச்சிடுவேன்.”

அப்படித்தான் வாயிலிருந்து விழுந்தது. அவள் கை நின்றது. மீன்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஹாரன் சத்தம் மகளின் அழுகையாகக் கேட்டதையும், கால் மடங்கியதையும், வண்டி உருண்டதையும், கண்ணாடிக்குக் கீழே தெரிந்த தலையையும் சொன்னேன். அந்தம்மா தினமும் என் வண்டியைத் தட்டிவிட்டுத்தான் தாண்டுகிறார் என்பதையும் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். என் வலது காலைப் பார்த்தாள். தழும்பைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். புடவையை மடித்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். சுவர்ப் பக்கம் திரும்பி, “கொஞ்சம் பொறுத்துக்கக்கா, பாப்பாவத் தூங்கப் பழக்கறோம்” என்று உரக்கச் சொன்னாள். பிறகு பாயில் உட்கார்ந்து என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் மகளின் நெஞ்சில் வைத்தாள்.

அழுகை விட்டு விட்டு வந்தது. பிறகு விசும்பல் ஆனது. மகள் என் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தாள், பிடிக்கவில்லை, தன் கையையே வைத்துக்கொண்டாள். எதுவும் ஆடாத ஒரு தரையில், முதல் முறையாகத் தூங்கிப்போனாள். நாங்கள் இருவரும் கையை எடுக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஒரே ராத்திரியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பிள்ளை பெற்றவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். நடுவில் எழுந்தாள், அழுதாள். நிஜமாகப் பசித்தபோது பால் கொடுத்தோம், மற்ற நேரம் கை மட்டும் வைத்தோம். ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் பழைய கதை. பல் முளைத்தபோது காய்ச்சல் வந்து, எல்லாம் பாழாகி மறுபடி ஆரம்பித்தோம். மனைவி இரண்டு முறை அலமாரிக் கதவைத் திறந்து புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பிறகு ஒரு விடியற்காலையில் கண் விழித்தேன். வெளிச்சம் வந்திருந்தது, வீடு அமைதியாக இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதறி எழுந்தால், மனைவி எனக்கு முன்பே எழுந்து மகளின் மூக்கருகே விரலை வைத்தபடி குந்தியிருந்தாள்.

“மூச்சு வருதுயா” என்றாள். “ராவெல்லாம் எயுந்துக்கவே இல்ல. நீதான் தூக்கத்துல காலை ஆட்டிகினே இருந்த.”

குனிந்து பார்த்தேன். கட்டைவிரலில் கயிறு இல்லை. தழும்பு மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. மகள் எழுந்துவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அந்த மாதம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன். ஒரு மதியம், வரிசை அதே காசிமேட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அன்னக்கூடை தூரத்திலேயே தெரிந்தது. தட்டுவார் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன். மீன்காரம்மா என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கூடையைப் பிடித்தபடி தலையை நிமிர்த்தி, கண்ணாடி வழியாக என் கண்களை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தட்டாமலேயே தாண்டினார்.

வலது கால் பிரேக்கில் அழுந்தியிருந்தது. அது போதாது என்று எனக்குத் தோன்றியது. அவர் எதிர்ப் பக்கம் போய்ச் சேரும்வரை ஹேண்ட் பிரேக்கையும் போட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.