அத்தை அரைத்த தக்காளித் துவையல்

தை மாதம் பதினோராம் தேதி, காலை ஐந்தே முக்கால். எதிர்வீட்டு வாசல் தெரியாத அளவுக்குப் பனி. எங்கள் வீட்டுத் தறிக்கான பட்டுப் பாவை, அதாவது நெடுக்கு இழைகளை, தெருநீளம் விரித்துக் கஞ்சி போடும் நாள் அது. வெயில் ஏறினால் கஞ்சி காய்ந்து இழை அறும். அதனால் ஆள் நிறைய வேண்டும். கூப்பிட்டால் பேச்சுவார்த்தை இல்லாதவரும் வந்தாக வேண்டும், வந்தவர் அந்த வீட்டில் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்பது தெருவின் வழக்கம். அதை நம்பித்தான் அப்பா பக்கத்து ஊரான ஓரிக்கையில் இருந்த மாமாவுக்குச் சொல்லியனுப்பினார். மாமா, அத்தையின் கணவர். சண்டையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட அத்தையை அதுவரை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா வந்தார். பாவின் மறுமுனையைப் பிடித்தார்.

அத்தை இட்லிக்குத் துவையல் அரைத்தாள். தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய் மூன்றையும் தணலில் கருகச் சுட்டு, தோல் உரித்து, உப்பு வைத்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கினாள். மேலே கொத்துமல்லி, பாதி எலுமிச்சை. தாளிப்பு கிடையாது. இப்போது என் பேத்தி இதையே செய்து மெக்சிகோ சல்சா என்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும். மிளகாய் எடுத்துக் கொடுத்தவன் அப்போது சிறுவனாக இருந்த நான். வழக்கம் ஐந்து. அன்று பதினாலு கேட்டாள். எண்ணிக்கை தப்பு என்றேன்.

"எனக்குத் தெரியும்டா, எடு."

பந்தியில் முதல் வாயிலேயே மாமாவின் கண்ணில் நீர் கொட்டியது.

"தண்ணி மொண்டு குடுங்கப்பா, மாப்ள அழுவுறாரு" என்றார் பக்கத்து இலைக்காரர்.

காரமா என்று அப்பா கேட்டார். இல்லையென்று மாமா தலையாட்டினார். அந்தப் பொய் எனக்குப் பொறுக்கவில்லை. பதினாலு மிளகாய் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மாமா கை நின்றது. நிமிராமலே அத்தையிடம் சொன்னார்: "பதினாலு மாசம் ஆச்சுன்னு எனக்கும் தெரியும்மா."

"தெரிஞ்சிக்கினுதான் வராம இருந்தீங்களா?"

அவர் இலையை முன்னால் தள்ளினார். இன்னும் கொஞ்சம் துவையல் கேட்டார். அவள் போட்டாள். பிறகு உள்ளே போய்த் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மிளகாய் கூடிப்போன குற்றத்துக்காகத்தான் அத்தையை அழைத்துப் போகிறார், காட்டிக்கொடுத்தவன் நான் என்று நினைத்தேன். எல்லாரும் ஏன் சிரித்த முகமாக வழியனுப்பினார்கள் என்று விளங்கவில்லை. அத்தை போனதற்கு நான் அழுத அழுகையில் எனக்கு ஆன நஷ்டம், ஐந்து வேளைச் சாப்பாடு.