ஷூவைக் கழற்றிய டாக்டர்

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் கிடைக்கும் முன், சுயாக் என்ற ஊரில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரு டாக்டர் இருந்தார். ஐயா என்பதற்குப் பதில் 'மிஸ்யே' என்றுதான் அவரை அழைப்போம். எலிகளின் அறைக்குள் நுழையும்போது ஷூவைக் கழற்றிவிடுவார். சத்தம் கேட்டால் அவை மிரளுமாம். பிறகு அவரே தினமும் மின்சாரம் பாய்ச்சி அவற்றை மிரட்டுவார். மாதக்கணக்காகப் பயந்த எலி ஏன் தீனியை மறந்து முடங்குகிறது, அதன் மூளையில் எந்த ரசாயனம் மாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

கூண்டு கழுவுகிற பெரியவர் ஒருநாள் அவர் முன் வந்து நின்றார்.

"காவடிக்கு ஒரு நாள் விடுங்க, மிஸ்யே. விரதம் எடுத்துட்டேன்."

"முடியாது. புது ஆள் வந்தா எலிக்குப் பதற்றம் வரும். ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

பெரியவரின் கை நடுங்கியது. டாக்டர் அதைக் கூர்ந்து பார்த்தார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"நடுக்கம் நின்னப்புறம் கூண்டைத் தொடு. எலி பயந்துடும்."

பயத்தைப் பற்றி அவரைவிட அறிந்தவர் இந்தத் தீவிலேயே இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள்.