சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்

ஒரகடம் கார் தொழிற்சாலையில் ஹெட்லைட் வெளிச்சம் அளக்கும் இருட்டறையில் வேலை எனக்கு. இன்று புது மெஷின் ஓட்டினோம்.

"இத்த யாரு மேடம் ஒட்னது? மெஷின் ஆன்ல கீதா இல்லியான்னே தெரில," என்றார் ஆபரேட்டர் செல்வி அக்கா. மெஷினின் சிவப்பு விளக்கு மேல் கறுப்பு டேப்.

நான்தான். கை தானாக ஒட்டியிருக்கிறது.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, பிரபஞ்சத்தின் கரும்பொருளை, அதாவது டார்க் மேட்டரைத் தேடும் படிகங்கள் எவ்வளவு ஒளிர்கின்றன என்று அளந்தேன். கண்ணுக்கே தெரியாத மினுக்கல் அது. சார்ஜர் விளக்கு எரிந்தாலே அன்றைய அளவீடு வீண். அதனால் ஆய்வகமெங்கும் டேப் ஒட்டுவோம்.

அக்காவிடம் சொன்னேன்.

"கெடச்சுதா மேடம்?"

"இல்லக்கா. இன்னும் தேடிகினுதான் இருக்காங்க."

"அப்புறம் ஏன் நீங்க மட்டும் வந்துட்டீங்க?"

டேப்பை உரித்தேன். எறிய மனமில்லாமல் செல்போனின் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

நாளைக்கும் கேட்பார். நல்ல பதில் இருந்தால் கமெண்டில் போடுங்கள்.