மல்லாந்து கிடந்த சிலந்தி

எங்கள் வீட்டுக்கு ஒரு டரான்டுலா வந்த கதையைச் சொல்கிறேன், பிள்ளைகளா. டரான்டுலா என்றால் உள்ளங்கை அகலத்துக்கு வளரும், உடம்பெல்லாம் முடி நிறைந்த பெரிய சிலந்தி. அதை வளர்க்க வேண்டும் என்று கேட்டவள் என் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. பூனையோ கிளியோ கேட்டிருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

நாங்கள் இருப்பது பாரோய் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து வீட்டில். முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு புல்லுக்கும் பூச்சிக்கும் மருந்து அடிப்பது என் வேலை. மண்மேட்டில் சிலந்திப் பொந்துகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"இதுக்குப் போயி கடைக்குப் போவணுமா? நாளைக்கே ஒன்னு தோண்டிக் கொண்டாறேன்" என்றேன்.

"வேணாம்லா ப்பா. நம்ம காட்டுல உள்ளது கோவக்காரது. கடிச்சா வீங்கிடும்" என்றாள். எல்லாம் படித்து வைத்திருக்கிறாள்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அது என் குசினிப் பக்கம் வந்துச்சு, தொடப்பக்கட்டதான் பேசும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோபாக் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடையை நடத்துவது ஒரு தமிழ்ப் பெண். சின்னச் சின்ன டப்பாக்களில் சிலந்திகளை வரிசையாக வைத்திருந்தார். மகள் நேராக ஒரு நீல நிறச் சிலந்தியிடம் போய் நின்றாள். அந்த அக்கா மூடியைக் கொஞ்சம் தட்டியதும் அது டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"பாத்தியா தங்கச்சி? மூடியத் தொறந்தா சுவத்துல நிப்பா. மொத தடவைக்கு இவதான் சரி" என்று வேறொரு டப்பாவைக் காட்டினார். பழுப்பு நிறம், சுருட்டை முடி, மண்கட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"உசிரோடதான் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கா அண்ணே. சும்மா இருக்கறதுதான் இவ வேலையே."

"எங்க மண்டோர் மாதிரி" என்று எங்கள் தோட்டத்து மேஸ்திரியைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார்.

எட்டுக் காலும் முழுசாக இருக்க வேண்டும், வயிறு சுருங்கியிருக்கக் கூடாது, பெண் சிலந்தி என்றால் பல வருஷம் வாழும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். மகள் கால்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள்.

வளர்ப்பது அத்தனை கஷ்டமில்லை, பிள்ளைகளா. பெட்டி உயரமாக இருக்கக் கூடாது. மேலிருந்து விழுந்தால் அதன் வயிறு வெடித்துவிடும். கையில் தூக்கக் கூடாது என்பதும் அதனால்தான். அடியில் தென்னை நார்த்தூளை ஆழமாகப் போட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பாதிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தோம். தண்ணீருக்கு ஒரு மூடி. வாரத்துக்கு ஒன்றிரண்டு சுவர்க்கோழிப் பூச்சி, அதுவும் கடையில் வாங்கியது. பக்கத்தில் கொசுவத்தி கொளுத்தக் கூடாது, ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. பூச்சியைக் கொல்கிற எதுவும் சிலந்தியையும் கொன்றுவிடும். அதனால் வேலை முடிந்து வந்தால் நான் குளிக்காமல் பெட்டிப் பக்கம் போகக் கூடாது என்று மகள் சட்டம் போட்டாள். நானும் அதை மீறியதில்லை.

இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட சிலந்தி திடீரென்று சாப்பாட்டை நிறுத்தியது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகிவிட்டது. பூச்சியைப் போட்டால் விலகிப் போய் உட்கார்ந்துகொண்டது. வயிறு வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"பசிக்கலன்னா விடுங்க ப்பா" என்றாள் மகள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் பிள்ளை சாப்பிடாவிட்டால் வேறு கறி வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதே நினைப்பில், கடைப் பூச்சி அலுத்துப் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது செம்பனை நிரையில் ஒரு பச்சை வெட்டுக்கிளியைப் பிடித்து, சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். குளித்துவிட்டு, மகள் டியூஷன் போயிருந்த நேரம் அதைப் பெட்டிக்குள் விட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் "ப்பா!" என்று ஒரு சத்தம். ஓடினேன். சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே பார்த்தபடி இருந்தன, அசைவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிரைக்கு வியாழக்கிழமை மருந்து அடித்தது நானேதான். வெட்டுக்கிளி கண்ணில் படவில்லை. சிலந்தி அதைத் தின்றிருக்கும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை.

"பாப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"எந்த நிரையில புடிச்சீங்க?"

"மருந்தடிச்ச நிரையில."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் பின்பக்கம் போய் மண்வெட்டியை எடுத்தேன்.

"அந்தக் கடைக்காரப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுட்டுப் பொதைங்களேன்" என்றாள் மனைவி.

போன் போட்டேன். "மல்லாக்கவா கெடக்கா?" என்று கேட்டார் அக்கா. "அப்ப சாவல அண்ணே. சட்டை உரிக்கிறா. அதுக்குத்தான் சாப்பாட்ட நிறுத்தியிருக்கா. செத்திருந்தா நின்ன மேனிக்குக் கால உள்ள மடக்கிக்கிட்டுக் கெடப்பா. யாரும் தொடாதீங்க. உள்ள பூச்சி எதுவும் இருக்கா?"

வெட்டுக்கிளியைப் பற்றிச் சொன்னேன். குரல் மாறிவிட்டது. "சாப்பாட்ட நிறுத்தினவ அதத் தின்னிருக்க மாட்டா. உள்ளதான் இருக்கும், மொதல்ல அத எடுங்க! இப்ப அவ ஒடம்பு வெண்ணெ மாதிரி. அது கடிச்சாலே போய்ச் சேந்துடுவா."

மகள் டார்ச் அடித்தாள். கொட்டாங்குச்சிக்குப் பின்னால் வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. நான் நீளக் கிடுக்கியை உள்ளே விட்டேன். வெட்டுக்கிளி ஒரு குதி குதித்துச் சிலந்தியின் கால் பக்கத்திலேயே போய் நின்றது.

"மெதுவா ப்பா... மெதுவா..."

மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுக்கிளியின் பின்னங்காலைப் பிடித்து மேலே தூக்கினேன். மூடியைச் சாத்திய பிறகுதான் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

தரையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்துப் பழைய தோல் பிளந்தது. ஈரமான பூட்ஸிலிருந்து காலை உருவுகிற மாதிரி ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டது. மத்தியானத்துக்குள் பழைய தோல் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது, மறுபக்கம் புது முடியோடு சிலந்தி படுத்திருந்தது. மனைவிகூட வந்து குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல கலராத்தான் இருக்கா" என்றாள்.

அதன் பல் கெட்டியாகும்வரை இரண்டு வாரம் எதுவும் போடக் கூடாது என்றார் அக்கா. தண்ணீர் மட்டும் வைத்தோம். அந்த இரண்டு வாரமும் பெட்டியின் மூடியைத் திறக்க மகள் என்னை விடவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் பூச்சி டப்பாவோடு வந்து நின்றேன்.

"எங்க புடிச்சது?"

"கடையில வாங்கினது, பாப்பா."

"அக்காகிட்டயா?"

"அக்காகிட்டதான்."

என் போனை வாங்கி அக்காவையே கூப்பிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மூடியை அவளே திறந்து பிடித்துக்கொண்டாள்.

"சரி, போடுங்க ப்பா" என்றாள்.